ஒரு கெஜாப் எவ்வளவு நேரம்

புனிதாவிடம் எதைச் சொன்னாலும் திருப்பி ஒரு கேள்விதான் வரும்: "எவ்வளவு நேரத்துக்கு?" மழை விட்டுவிட்டது என்று சொல்லுங்கள், கரண்ட் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுங்கள், வீட்டுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று கூப்பிடுங்கள், எல்லாவற்றுக்கும் அதே கேள்வி, அதே முகம். கிள்ளானில் அவளோடு பிறந்து வளர்ந்த அண்ணன் தம்பிகள் அவளை 'அலாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. நேரத்தைச் சொல்லாமல் பேசுகிறவன் பாதிப் பேச்சைத்தான் பேசுகிறான் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ஊரைப் பாருங்கள்! கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை மலாய், சீனர், இந்தியர் என மூன்று இனத்துக்காரர்களும் ஒற்றுமையாக வாழ்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு மலாய்ச் சொல்தான் காரணம். கெஜாப். கொஞ்ச நேரம் என்று பொருள். பிளம்பர் கெஜாப்பில் வருகிறேன் என்பான், டாக்டர் கெஜாப்பில் கூப்பிடுவார், கல்யாண வீட்டில் கெஜாப்பில் பந்தி போடுவார்கள். எவ்வளவு கொஞ்சம் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் உங்களுக்குப் பொறுமை இல்லை என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடும்.

அந்தப் புதன்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்திலிருந்து இறங்கி வந்தால், அவள் காருக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கார். நான்கு மூலையிலும் விளக்கு மினுக்மினுக்கென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் அந்த விளக்கைப் போட்டுவிட்டால் நடு ரோட்டில்கூடக் குடித்தனம் நடத்தலாம். புனிதா ஹாரனை அழுத்திய அழுத்தில் எதிர்க் கடைப் பூக்காரம்மா கையிலிருந்த சரத்தைக் கீழே போட்டுவிட்டாள். கடைசியில் ஒரு வாலிபன், கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் வாயில் முட்டையுமாக, அசைந்து அசைந்து வந்தான்.

"கெஜாப் தானே ஆன்டி."

கெஜாப்பும் சொல்லி ஆன்டியும் சொல்லிவிட்டான், பாவி. புனிதாவுக்கு நாற்பத்தொன்று. தலைக்குச் சாயம் அடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

"உன் கெஜாப் எவ்வளவு நேரம்டா தம்பி? எனக்குச் சொல்லு. இங்க நான் நின்னு வேரே விட்டுட்டேன்!"

பக்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவன் குரு, பாதி ஷட்டரைத் தூக்கியபடியே எட்டிப் பார்த்தான். "விடு புனி. கெஜாப்தானே லா."

"நீங்க பேசாதீங்க. போன வாரம் கெஜாப்ல வரேன்னு சொல்லிட்டுப் போய் படமே பாத்துட்டு வந்தவரு நீங்க."

குரு ஷட்டருக்குக் கீழேயே குனிந்து உள்ளே போய்விட்டான். பதினான்கு வருஷக் குடித்தனத்தில் அவன் கற்ற வித்தைகளில் அது ஒன்று.

பெடரல் ஹைவேயில் வழக்கம்போல ஜாம். சுபாங் ஜெயாவில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவளுக்கு அந்த வாரத்துக்கான கோபம் முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அங்கே இன்னும் பெரிய கோபம் காத்துக்கொண்டிருந்தது.

புனிதாவின் வேலை ஆஸிலேட்டர் செய்வது. விரல் நகம் அளவு ஒரு சின்னச் சில்லு. மின்சாரம் கொடுத்தால் ஒரே சீராக அதிர்ந்துகொண்டே இருக்கும். ரேடார், ரேடியோ, கையிலிருக்கும் போன், எல்லாவற்றுக்குள்ளும் இப்படி ஒன்று சுருதிப்பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அனலைசர் என்ற கருவியில் அதை மாட்டினால் திரையில் ஒரு கோடு எழும். சுருதி துளிகூடப் பிசகாமல் இருந்தால் அந்தக் கோடு முடியைப் போல மெல்லியதாக நிற்கும். பிசகினால் தடிக்கும். ஆக, கோட்டின் அகலம்தான் ஆஸிலேட்டரின் யோக்கியதை. செம்பனை எண்ணெய்த் தொட்டிகளில் எண்ணெய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கும் ரேடாருக்காக, ஒரு கம்பெனி இவர்களிடம் ஆஸிலேட்டர் கேட்டிருந்தது. அதை வடிவமைத்தவள் புனிதா. நான்கு வருஷ உழைப்பு. பிள்ளை இல்லாத வீட்டில் குரு அதை 'உன் பிள்ளை' என்றே சொல்வான். அவள் முதலில் முறைத்தாள், பிறகு அவளும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள்.

அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது வந்தது வினை. சுபாங் ஜெயாவில் அவள் அளந்தால் கோடு ஒல்லியாக இருந்தது. அதே சில்லைக் கிள்ளானில் இருக்கும் பட்டறையில் அளந்தால் ஒன்றரை மடங்கு தடித்திருந்தது. வாடிக்கையாளருக்குச் சொல்லியிருந்த எல்லை இரண்டுக்கும் நடுவில். இங்கே பாஸ், அங்கே பெயில்.

மேலாளர் சிவநேசன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே வரியில் கேட்கும் வியாதி உண்டு.

"புனிதா, எனக்கு ஒரு நம்பர் வேணும். ஒன்னே ஒன்னு. கோடு எவ்வளவு அகலம்?"

"எவ்வளவு நேரம் பாத்த அகலம் பாஸ்?"

"அய்யோ சாமி, மறுபடியுமா! வேட்டி என்ன அகலம்னு கேட்டா, எவ்வளவு நேரத்துக்குன்னு கடைக்காரன் கேப்பானா?"

"வேட்டி ஒரே இடத்துல கிடக்கும் பாஸ். இது நடக்குது."

அவள் சொன்னது விளையாட்டல்ல. ஆஸிலேட்டருக்குள் இரண்டு வகை இரைச்சல் உண்டு. ஒன்று, டியூன் ஆகாத ரேடியோவின் 'உஸ்' மாதிரி வெறும் சீறல். அது கோட்டைத் தடிக்கச் செய்யும், ஆனால் அளவோடு நின்றுவிடும். இத்தனை அகலம் என்று ஒரு நம்பர் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். இன்னொன்று ஃபிளிக்கர் இரைச்சல். அதுதான் வில்லங்கம். டிரான்சிஸ்டருக்குள் மின்னோட்டம் தானாகவே ஏறி இறங்கும். வேகமான ஏற்ற இறக்கம் சின்னது. மெதுவானது பெரியது. இன்னும் மெதுவானது இன்னும் பெரியது. இதற்கு எல்லையே கிடையாது. அந்த ஏற்ற இறக்கம் சுருதியைப் பிடித்து இங்கும் அங்கும் தள்ளும். கொஞ்ச நேரமே பார்த்தால் மெதுவான தள்ளல்கள் கண்ணில் படாது, கோடு ஒல்லியாக இருக்கும். நிறைய நேரம் பார்த்தால் அவையும் வந்து சேர்ந்துகொள்ளும், கூரான கோடு கோயில் மணி மாதிரி உருண்டு தடிக்கும். தவழும் குழந்தையை ஒரு நொடி பார்த்தால் உட்கார்ந்த இடத்தில்தான் இருக்கும், அரை மணி நேரம் பார்த்தால் வீடெல்லாம் அதன் கால் பட்டிருக்கும். குழந்தை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கேட்டால் எந்தத் தாயால் பதில் சொல்ல முடியும்?

இதையெல்லாம் சிவநேசனிடம் படம் போட்டுக் காட்டியாகிவிட்டது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும், "புரிஞ்சுது. சரி, நம்பர்?" என்றார். புனிதாவுக்குக் கையிலிருந்த பேனாவைக் கடித்துத் துப்பலாம்போல இருந்தது.

"இங்க பாருங்க," என்றார் சிவநேசன். "நீங்களும் கிள்ளான் ஜெயராஜும் ஒரே மாதிரிதானே அளக்குறீங்க?"

"ஆமா. நான்தான் போன்ல சொல்லிக் குடுத்தேன். அவர்கிட்டயும் கேட்டேன். நீங்க சொன்ன மாதிரியேதான் எடுக்குறேன்னு சொன்னாரு."

"அப்போ ரெண்டே விஷயம்தான். ஒன்னு, உங்க டிசைன் சரியில்ல, வெளியிலேருந்து வாங்கிக்கலாம். இல்ல, கிள்ளான்காரருக்கு அளக்கத் தெரியல. வெள்ளிக்கிழமை கஸ்டமருக்குப் பதில் சொல்லணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஜெயராஜ் கிள்ளானில் மேரு சாலைக்குப் பின்னால் இருந்த பட்டறையைப் பார்த்துக்கொள்கிறவர். சில்லைப் பலகையில் ஒட்டுவதும் ஒட்டியதை அளப்பதும் அங்கேதான். புனிதாவை விட நான்கைந்து வயது மூத்தவர். அவள் அண்ணே என்பாள், அவர் மேடம் என்பார். அளவாகப் பேசுவார், சட்டையை இன் பண்ணியிருப்பார், அளக்கும் மேசையில் யாரையும் டீ கிளாஸ் வைக்கவிட மாட்டார். பட்டறையில் வேறு ஆறு பேர் இருந்தாலும் அந்த மேசை அவருடையது.

புனிதா இரண்டு நாளாக எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருந்தாள். கேபிளை மாற்றினாள், மின்சாரப் பெட்டியை மாற்றினாள். கிள்ளானில் ஏர்கான் சரியில்லையோ, சூட்டில் சுருதி நகர்கிறதோ என்று, சூடு மாறாத பெட்டி ஒன்றை அனுப்பி அதற்குள் சில்லை வைக்கச் சொன்னாள். ஒன்றும் மாறவில்லை. அவள் போட்ட கணக்கோ அவள் அளந்த அளவோடு அச்சாகப் பொருந்தியது. காலையிலிருந்து வெள்ளைக் கார், ஆன்டி, ஜாம், வேட்டி. இனிமேல் பொறுக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"டிசைன்ல ஒன்னுமில்ல பாஸ். கிள்ளான்லதான் தப்பு. ஜெயராஜ் சரியா அளக்கல."

சொல்லி வாயை மூடவில்லை, சிவநேசன் போனை எடுத்து அலுவலகக் குழுவில் செய்தி போட்டுவிட்டார். திங்கட்கிழமை முதல் கிள்ளானில் ஒட்டுவேலை மட்டும், அளக்கும் வேலை முழுவதும் சுபாங் ஜெயாவில், கிள்ளானில் எடுத்த அளவுகள் நம்பத்தகுந்தவை அல்ல. பட்டறைக்காரர்கள் எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெயராஜிடமிருந்து ஒரே வரி வந்தது: "சரி பாஸ்." அதைப் படித்துவிட்டுப் புனிதா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனாலும் பிள்ளை பிழைத்ததே என்று தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் அனலைசரை எடுத்துவர அவளேதான் கிள்ளானுக்குப் போனாள். லோரி அனுப்பினால் போட்டு உடைப்பார்கள் என்று வெளியில் சொன்னாள். ஜெயராஜின் முகத்தைப் பார்க்காமல் கருவியைப் பிடுங்குவது கோழைத்தனம் என்று உள்ளுக்குள் பட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

பட்டறையில் ஆறு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. ஜெயராஜ் மட்டும் எழுந்து வந்தார்.

"வாங்க மேடம். இன்னும் ஒரு சில்லு பாக்கி இருக்கு. அளந்து முடிச்சிட்டுக் குடுத்துடவா? பாதியில விட்டா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

புனிதா ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவர் சில்லைப் பெட்டிக்குள் வைத்தார், கேபிளை இரண்டு தரம் திருகிப் பார்த்தார், பொத்தானை அழுத்தினார். திரையில் கோடு எழுந்தது. முடியைப் போல மெல்லிய கோடு. சுபாங் ஜெயாவில் அவள் பார்க்கும் அதே கோடு. புனிதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சரியாத்தானே இருக்கு! இதை எழுதாம எதை எழுதுனீங்க?"

"இன்னும் ஆகல மேடம்," என்று சொல்லிவிட்டு ஜெயராஜ் வாசல் பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க?"

"டீ குடிக்கத்தான். கெஜாப் விட்டுத்தானே அளவு எடுக்கணும்."

"யாரு சொன்னா?"

ஜெயராஜ் நின்று திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வெறும் ஆச்சரியம்தான் இருந்தது. "நீங்கதான் மேடம் சொன்னீங்க. முதல் சில்லு வந்தன்னைக்குப் போன் போட்டு. ஒரே ஹாரன் சத்தம், ஜாம்ல இருந்தீங்க போல. 'அண்ணே, ஆன் பண்ணி கெஜாப் விடுங்க, அப்புறமா அளவு எடுங்க'ன்னீங்க. அதான் ஆன் பண்ணி விட்டுட்டு முக்குக் கடைக்குப் போயிட்டு வந்து எடுப்பேன். ஒவ்வொரு சில்லுக்கும் அப்படியேதான். ஒன்னுக்குக்கூட மாத்துனதில்ல."

அவர் போய்விட்டார். புனிதா திரைக்கு முன்னால் அப்படியே நின்றாள். கருவி தான் கண்ட கோடுகளையெல்லாம் சேர்த்துச் சராசரி போட்டுக்கொண்டே இருந்தது. கோட்டின் கூர் மழுங்கியது. தோள் இறங்கியது. நின்றுவிட்டது என்று நினைத்தால் இன்னும் ஒரு மயிரிழை தடித்தது. இதைத்தானே அவள் சிவநேசனுக்குப் படம் போட்டுக் காட்டினாள்! நேரம் சொல்லாத அகலம் அகலமே இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினாள்! கடைசியில் அவளுடைய கெஜாப், பொத்தானை அழுத்திவிட்டு மூச்சு விடும் நேரம். அவருடைய கெஜாப், முக்குக் கடையில் டீ ஆற்றி, குடித்து, நான்கு பேரை விசாரித்துவிட்டு வரும் நேரம். இரண்டு பேரும் அளந்தது சரி. சில்லும் சரி. இடையில் கெட்டது ஒரே ஒரு சொல், அதைச் சொன்ன வாயும் அவளுடையது.

அலாமா, புனிதா! ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் கேட்டாயே, பொட்டலக்காரனிடம் கேட்டாய், கட்டின புருஷனிடம் கேட்டாய். உன்னிடம் கேட்க ஒருத்தர் இல்லாமல் போய்விட்டாரே. ஜெயராஜாவது எவ்வளவு நேரம் மேடம் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம் என்று ஒரு கணம் அவர்மேலும் எரிச்சல் வந்தது. அவர் எப்படிக் கேட்பார்? இந்த ஊரில் கெஜாப்பை யார் கேள்வி கேட்கிறார்கள், இவளைத் தவிர?

நின்ற இடத்திலிருந்தே எண்ணெய்த் தொட்டிக் கம்பெனியின் இன்ஜினியரைப் போனில் பிடித்தாள். உங்கள் ரேடார் ஒரு தடவை பார்த்து மட்டம் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டாள். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது என்றார் அவர். இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாருமே கேட்கவில்லையாம். அப்படியானால் ஒல்லிக் கோடுதான் அவர்களுக்கு வேண்டியது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, பிறர் தலையை வாங்காமலே.

பிறகு சிவநேசன்.

"பாஸ், டிசைனும் சரி, ஜெயராஜும் சரி. தப்பு என்னோடது. எவ்வளவு நேரம் பாக்கணும்னு நான் ஒழுங்கா சொல்லல. கஸ்டமருக்கு ரெண்டு நம்பரும் குடுப்போம், ரெண்டுக்கும் பக்கத்துல நேரத்தைப் போடுவோம். இப்பவே குழுவுல எழுதுங்க. அளக்குற மேசை கிள்ளான்லயே இருக்கட்டும்."

"நல்லதாப் போச்சு லா. ஆனா குழுவுல நேத்துதானே போட்டேன். உடனே மாத்துனா நல்லாவா இருக்கும்? கெஜாப் போகட்டும், பாத்துக்கலாம்."

"எவ்வளவு நேரம் பாஸ்?" என்று கேட்டாள் புனிதா. "அவரை எவ்வளவு நேரம் தலைகுனிய வெச்சிருக்கலாம்னு நினைக்கிறீங்க?"

அவள் போனை வைத்துவிட்டுத் தானே குழுவில் எழுதினாள். கிள்ளான் அளவுகள் ஒவ்வொன்றும் சரியானவை, ஜெயராஜ் அண்ணன் நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார், தவறாகச் சொன்னவள் நான், தெரியாமல் அவர்மேல் பழி போட்டவளும் நான், பெயர் புனிதா. எழுதிவிட்டு அழிக்கத் தோன்றுவதற்குள் அனுப்பினாள். பட்டறையில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு போன்கள் டிங் என்றன. குனிந்த தலைகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தன. வாசலில் ஜெயராஜ் நின்று படித்துக்கொண்டிருந்தார். டீ குடித்த வாயைத் துடைக்கக்கூட இல்லை. முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தார்.

"அண்ணே," என்றாள் புனிதா. "என்னை மன்னிச்சிருங்க."

ஜெயராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டார். அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். கோடு அதன் பாட்டுக்குத் தடித்துக்கொண்டிருந்தது.

"கெஜாப் உக்காருங்க மேடம்," என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒட்டுவேலை மேசையிலிருந்து யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்கள். புனிதா அதில் உட்கார்ந்தாள். சுவரில் கடிகாரம் இருந்தது, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். வெளியே மேரு சாலையில் லோரிகள் ஹாரன் அடித்தன. உள்ளே கதவு திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அவள் யாரையும் கேட்கவில்லை.